ஒன்பதாம் நம்பர் லயம், நாலாம் காம்பரா

எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். கொழுந்து பறித்த கை இது. நாலு பேர் நடுவில் வாய் திறக்க வராத எனக்கு, முகம் தெரியாத உங்களிடம் பேச என்ன தகுதி இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆனாலும் எழுதுகிறேன். வாயால் சொல்லச் சொன்னால் இதைச் சாகும்வரை சொல்லமாட்டேன்.

சொல்லிவிடுகிறேன்.

என் பெரியம்மா மகள் ரஞ்சிதத்தை நான் காட்டிக்கொடுத்தேன். ஒரு பென்சிலை எடுத்து, ஒரு அட்டையில் அவள் பெயரையும் அவள் ஒளிந்திருந்த வீட்டையும் எழுதி, ஊர் பார்க்கும்படி கயிற்றில் தொங்கவிட்டேன்.

தவறுதலாக நடந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். என் அம்மா கண்ணை மூடும்போதும் அப்படித்தான் நம்பியிருந்தாள். தவறுதல் இல்லை... தெரிந்தே எழுதினேன். கையெழுத்து கோணாமல், நிறுத்தி, அழகாக எழுதினேன்!

எழுபத்தேழில் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம் நடந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. எனக்குப் பதினெட்டு வயது. இலங்கை மலைநாட்டில், ராகலைக்கு மேலே, மேகம் முட்டுகிற உயரத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ரஞ்சிதம் தெற்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். கலவரத்தில் அவர்கள் குடியிருந்த லயத்துக்கு, ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசைக்கு, நெருப்பு வைத்தார்கள். இருட்டில் ஓடியபோது அவள் ஒரு பக்கம், பெரியப்பாவும் பெரியம்மாவும் ஒரு பக்கம் பிரிந்துபோனார்கள். ஆனால் பெரியப்பா முன்யோசனைக்காரர். கலவரம் வரும் என்ற பேச்சு தொடங்கியபோதே மகளை உட்காரவைத்து ஒரு விலாசத்தை மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். "தொலைஞ்சு போனா அங்க இங்க அலையாத. சித்தி வீட்டுக்குப் போ. எத்தன மாசமானாலும் அங்கேயே இரு. நான் அங்க வந்து ஒன்னக் கூட்டிக்கிறேன்."

ராகலை, எங்கள் தோட்டம், மேல் டிவிஷன், ஒன்பதாம் நம்பர் லயம், நாலாம் காம்பரா.

அந்த ஒற்றை அறைதான் எங்கள் வீடு. ஒரு சிங்கள லொறிக்காரர் மரக்கறி இறக்கிவிட்டுத் திரும்பும்போது அவளை வெற்றுச் சாக்குகளுக்கு அடியில் படுக்க வைத்து மலைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். வழி முழுக்க அந்த விலாசத்தைத்தான் சொல்லிக்கொண்டே வந்தாளாம். மந்திரம் மாதிரி. சாமி பேர் கூட வாயில் வரவில்லை என்று பிறகு சொல்லிச் சிரித்தாள்.

எங்கள் வழக்கம் ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஆபீசில் பதிந்த பேர். பேர் இருந்தால்தான் வேலை, அரிசி, தலைக்கு மேல் தகரம். பேர் இல்லாத வெளியாளை வீட்டில் வைத்திருப்பது குற்றம். பிடிபட்டால் வெளியாள் போக வேண்டும். இல்லையென்றால் வீட்டுக்காரனின் பேரையும் வெட்டிவிடுவார்கள். அதனால் ரஞ்சிதம் பகலில் வெளியே வரமாட்டாள். விறகு அடுக்கிய மூலையில் உட்கார்ந்திருப்பாள். விடிவதற்கு முன்பும் இருட்டிய பின்பும்தான் தண்ணீருக்குப் பீலிக்கரைக்குப் போவாள்.

லயத்துக்கே தெரியும். ஒருவரும் மூச்சுவிடவில்லை. வாச்சரோ ஆபீஸ் கிளாக்கரோ பாதையில் வருவதைக் கண்டால், முதல் காம்பராவில் இருந்த மூக்காயி, "மணி! ஏ மணி! எங்கடா தொலைஞ்ச, இங்க வா!" என்று நாயைக் கூப்பிடுவாள். எங்கள் லயத்தில் மணி என்று நாயே கிடையாது. அந்தக் குரல் கேட்டதும் ரஞ்சிதம் விறகுக்குப் பின்னால் போய்விடுவாள். வாச்சர் போனதும், "நாய் வந்திருச்சா சித்தி?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து வருவாள்.

அவ்வளவு நல்ல சனத்தின் நடுவில் நான் ஒருத்தி இருந்தேன்.

ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். காரணம் பெரிதாக இருந்தால் எனக்கும் சுகமாக இருக்கும். பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கம்பளி!

அந்த வருஷம்தான் என் பேரைப் பதிந்திருந்தார்கள். பேர் பதிந்தவளுக்குத் தோட்டத்தில் ஒரு கம்பளி கொடுத்தார்கள். கறுப்பு, கரையில் சிவப்புக் கோடு. பிறந்ததிலிருந்து எனக்கென்று, எனக்கு மட்டுமென்று வந்த முதல் பொருள். ரஞ்சிதம் வந்த இரவு அம்மா அதை எடுத்து அவள்மேல் போர்த்தினாள். என்னைக் கேட்கவில்லை. "ஒனக்கென்னடி, நீ என்னோட படுத்துக்க" என்றாள். அம்மாவின் கம்பளி நூல் போய், வலை மாதிரி இருக்கும்.

ஒரு இரவு என்றுதான் நினைத்தேன். ஐந்து மாதம்! காலையில் மழைக்குப் போட்டுக்கொண்டு மலைக்குப் போவேன். கம்பளியில் அவள் தலை வாசம் அடிக்கும். ராத்திரி மறுபடி அவளுக்குப் போய்விடும்.

அதோடு போயிற்றா? அம்மா அவளுக்குத் தலை வாரிவிட்டாள். கருவாட்டுத் துண்டில் பெரியது அவள் ரொட்டிக்குள் போயிற்று. அப்பா, என்னோடு ஒரு நாளில் நாலு வார்த்தை பேசாத அப்பா, அவள் கிளாக்கர் மாதிரி நடந்து காட்டினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீடு எரிந்து, தாய் தகப்பன் எங்கே என்று தெரியாமல் கிடப்பவள் எப்படிச் சிரிக்க வைக்கிறாள்? எல்லாம் இருக்கிற நான் ஏன் வாய் திறக்காமல் மூலையில் இருக்கிறேன்? அந்தக் கேள்விதான் என்னை அரித்தது.

சின்னச் சின்னதாகக் கொடுமை செய்தேன். சோப்பை ஒளித்து வைத்தேன். அவள் தூங்கும்போது கால் தெரியாமல் படுவது போல மிதித்தேன். ஒரு நாள் அவள் காதில் விழும்படி, "அகதிக்கு வாய்க்கு மட்டும் கொறச்ச இல்ல" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "ஆமா சரசு. மத்ததெல்லாம் எரிஞ்சு போச்சுல்ல... வாய் மட்டுந்தான் மிச்சம்."

அதற்கும் அப்பா சிரித்தார்!

தை மாதம், பொங்கல் கழிந்து, பனி கொட்டுகிற நாட்களில் அந்த இரவு வந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார் அருளப்பன் சேர் எங்கள் இளைஞர் மன்றத்தை நடத்தினார். எங்களில் ஒருவர், அவருடைய அப்பாவும் மலையில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டியவர்தான். 'அகதி இரவு' என்று அவர் ஒன்றை யோசித்தார். சனிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து ஞாயிறு காலைவரை, மன்றத்துப் பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்தில் அகதிகளாக இருக்க வேண்டும். சாக்குக் கூடாரம். சிரட்டையில் கஞ்சி. விளக்கு இல்லை. கம்பளி கொண்டுவரக் கூடாது. வீட்டை இழந்தவன் படுகிற பாடு ஒரு ராத்திரியாவது நமக்குத் தெரிய வேண்டும் என்றார்.

ஆளுக்கு ஒரு அட்டை தந்தார். அதில் ஒரு அகதியின் பெயர், வயது, எங்கிருந்து வந்தார், எப்படி வந்தார், இப்போது எங்கே இருக்கிறார் என்று எழுத வேண்டும். அந்த இரவு முழுவதும் நாம்தான் அந்த ஆள். விடிந்ததும் அட்டைகளைக் கயிற்றில் தொங்கவிடுவோம். மைதானத்துக்கும் சாக்குக்கும் அனுமதி கொடுத்த தோட்ட நிர்வாகி, எங்கள் துரை, காலையில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

அதனால் சேர் ஒரு விதியும் போட்டார். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகத்தான் சொன்னார்.

"நெசமான பேரு எழுதக்கூடாது. நெசமான எடமும் எழுதக்கூடாது. நம்ம லயங்கள்ல யாரு யாரு வந்து இருக்காங்கன்னு ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆபீசுக்குத் தெரிய வேணாம். வெளங்குதா?"

விளங்கியது. நன்றாக விளங்கியது... இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் அட்டையை எழுதித் தந்தது ரஞ்சிதம்தான். எனக்குக் கற்பனை வராது என்று அம்மா அவளிடம் கொடுத்துவிட்டாள். குப்பி விளக்கடியில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதினாள்.

"பேரு காத்தாயி, வயசு நூத்தி ரெண்டுன்னு போடவா?"

"நூத்தி ரெண்டு வயசுக்காரி எப்படி ஓடி வந்தான்னு கேட்டா?" என்றேன்.

"ஓடல... உருண்டு வந்தான்னு சொல்லு!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காக அவள்மேல் இன்னும் ஆத்திரம் வந்தது.

பிறகு ஒழுங்காக எழுதினாள். பெயர் அன்னம். வயது இருபது. கதவு தட்டும் சத்தம் கேட்டால் முதலில் விளக்கை அணைப்பேன், பிறகுதான் செருப்பைத் தேடுவேன் என்று ஒரு வரி. கடைசியில், 'இப்போது இருக்கும் இடம்' என்ற இடத்தில், 'சொல்ல முடியாது' என்று எழுதினாள்.

"என்னக்கா இது? எடம் எழுதணும்னு சேர் சொன்னாரே."

"அகதிக்கு அதான் புள்ள வெலாசம்" என்றாள்.

சனிக்கிழமை இரவு. சுமார் முப்பது பேர் இருந்தோம். கஞ்சி குடிக்கும்வரை எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அகதி மாதிரி இருந்தார்கள். அதற்குப் பிறகு விளையாட்டாகிவிட்டது. சிரட்டையை நீட்டி, "இந்த ஏழைக்கு இன்னொரு அகப்பை" என்று ஒருத்தன் பிச்சை கேட்டான். சாக்கைச் சேலை மாதிரிக் கட்டிக்கொண்டு இன்னொருத்தன் ஒப்பாரி வைத்தான். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

குளிர் ஏற ஏற எனக்குச் சிரிப்பு நின்றது. புல்லில் பனி உறைந்து, காலுக்கடியில் நொறுங்கியது. சாக்கில் தேயிலைத் தூசி நாற்றம். பல் கிட்டியது. எதிர்ச் சரிவில் எங்கள் லயம் தெரிந்தது. நாலாம் காம்பராவின் கதவு இடுக்கில் மஞ்சளாக ஒரு கோடு வெளிச்சம். அங்கே என் கம்பளிக்குள் அவள் படுத்திருக்கிறாள் என்று நினைத்தேன். நான் அகதி வேஷம் போட்டுக் குளிரில் சாகிறேன். அகதி என் கம்பளியில் தூங்குகிறாள்! அந்த நினைப்பு விடவே இல்லை.

அப்போதுதான் பொடியன்கள் அதைச் செய்தார்கள். சேர் பள்ளிக்கூடத்துக்குள் போயிருந்த நேரம் பார்த்து, நாலைந்து பேர் தீப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு, தகரத்தைத் தட்டி, சிங்களத்தில் கத்திக்கொண்டு கூடாரங்களுக்கு நடுவே ஓடிவந்தார்கள். "வாராங்க! வாராங்க! ஓடுங்க!" பெண்பிள்ளைகள் வீறிட்டார்கள். பிறகு ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். அந்தச் சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

நான் எதிர்ச் சரிவைப் பார்த்தேன்.

நாலாம் காம்பராவில் வெளிச்சக் கோடு அணைந்தது.

அந்த மைதானத்தில் அது என்னவென்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். முதலில் விளக்கை அணைப்பேன், பிறகுதான் செருப்பைத் தேடுவேன்... அவள் எழுந்துவிட்டாள். கதவைத் திறந்துகொண்டு ஓடுகிறாள். விளையாட்டு என்று அவளுக்குத் தெரியும். நான்தான் சொல்லிவிட்டு வந்தேன். ஆனாலும் ஓடுகிறாள்.

நான் போய் அவளைக் கூப்பிட்டு வந்திருக்க வேண்டாமா? பத்து நிமிஷ நடை. "அக்கா, அது நம்ம பொடியங்கதான்" என்று ஒரு வார்த்தை!

போகவில்லை. எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று சொல்கிறேன், காறித் துப்புங்கள். நல்லா வேணும் என்று தோன்றியது. இப்போது அவளுக்கும் குளிரும் என்று தோன்றியது. கம்பளி சும்மா கிடக்கும் என்று தோன்றியது.

சேர் வந்து பொடியன்களை ஏசி உட்கார வைத்தார். கஞ்சி காய்ச்சிய அடுப்பில் தணல் இருந்தது. குளிர் காய்வது போல அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மடியிலிருந்து அன்னத்தின் அட்டையை எடுத்துத் தணலில் வைத்தேன். ஓரம் சுருண்டு, பிறகு முழுவதும் பிடித்துக்கொண்டது. அந்த வெளிச்சத்திலேயே, மிஞ்சிக் கிடந்த வெற்று அட்டை ஒன்றை எடுத்து எழுதினேன்.

பெயர் ரஞ்சிதம். வயது இருபது. வந்த இடம், வந்த விதம், லொறி, சாக்கு. இப்போது இருக்கும் இடம்: மேல் டிவிஷன், ஒன்பதாம் நம்பர் லயம், நாலாம் காம்பரா.

ஒரு எழுத்தும் கோணவில்லை. அந்தக் குளிரிலும் கோணவில்லை.

அவளை என்ன செய்வார்கள் என்று நினைத்து எழுதினேன்? இத்தனை வருஷமாக என்னையே கேட்கிறேன். போகச் சொல்வார்கள். அவ்வளவுதான் நினைத்தேன். எங்கே போவாள் என்று நினைக்கவில்லை. பெரியப்பா வந்து தேடப்போவது இந்த ஒரு இடத்தில்தான் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும்! அதையும் நினைக்கவில்லை... நினைக்காமல் இருப்பதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். அது எனக்கு இருந்தது.

காலையில் துரை வந்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பெரிய கிளாக்கர் கயிற்றிலிருந்து ஒவ்வொரு அட்டையாக எடுத்து வாசித்து, சிங்களத்தில் சொன்னார். துரை தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். என் அட்டை வந்தது.

வாசித்துக்கொண்டே போனவர் கடைசி வரியில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏ புள்ள, இங்க வா. ஒம்பதாம் நம்பர், நாலாம் காம்பரா... இது ஒங்க வீடுல்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். சொந்த வீட்டையே எழுதிவிட்டாள் அசடு என்று நினைத்தார்கள். எங்கள் ஆட்களுக்குப் பெயரைத் தனியாக எழுதத் தெரியாது. பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில், எங்கே பெயர் எழுதினாலும் கை தானாகவே டிவிஷனையும் லய நம்பரையும் காம்பராவையும் சேர்த்து எழுதும். அந்தப் பழக்கம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

கிளாக்கர் சிரிக்கவில்லை. "ஒங்க அம்மா பேரு பேச்சி. ஒம் பேரு சரசு. இதாரு ரஞ்சிதம்?"

அருளப்பன் சேரின் முகம் வெளுத்தது. "கற்பனைங்க ஐயா. பிள்ளைங்க கற்பனையில எழுதினதுதான் எல்லாம்" என்று குறுக்கே வந்தார்.

"நீங்க இருங்க மாஸ்டர். புள்ள சொல்லட்டும். கற்பனையா?"

'ஆமாங்க.' ஒரே ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் அட்டையைத் தொங்கவிட்டிருப்பார், சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள், இன்று நான் இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். கடவுளோ யாரோ எனக்கு இரண்டாவது முறையும் கதவைத் திறந்து வைத்தார்கள்!

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கூச்சக்காரி, கூட்டத்தில் வாய் வராது என்று எல்லாருக்கும் தெரியும். அந்தக் கூச்சத்தைத்தான் நான் அன்று கருவியாக எடுத்தேன். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீரும் விட்டேன் என்று ஞாபகம்.

கிளாக்கர் துரையிடம் சிங்களத்தில் என்னவோ சொன்னார். துரை அட்டையை வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால், ரஞ்சிதத்தின் கால்களை அம்மா மடியில் வைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கவ்வாத்து வெட்டிய குச்சிகள் குத்தி, பாதம் முழுக்கக் கிழிந்திருந்தது. இரவு முழுவதும் தேயிலைக்குள் உட்கார்ந்திருந்தாளாம். விடிந்த பிறகுதான் அப்பா போய்க் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார். கம்பளியை எடுக்காமல் ஓடியிருந்தாள். அது பாயில் அப்படியே கிடந்தது.

"ஒங்க பொடியங்க நல்லா நடிக்கிறானுங்க சரசு" என்றாள். உதடு இன்னும் நீலமாக இருந்தது.

மத்தியானம் கழித்து, மூக்காயி குரல் கேட்டது. "மணி! ஏ மணி! டேய் மணி!" தொண்டை கிழியக் கத்தினாள் பாவம். ரஞ்சிதம் விறகு மூலைக்குப் போகவில்லை. காலை இழுத்துக்கொண்டு போய் வாசல் இஸ்தோப்பில் நின்றாள். வந்த கிளாக்கரிடம் அவளே சொன்னாள். "நாந்தாங்க ரஞ்சிதம். இவங்க மேல தப்பு இல்லீங்க. நானாத்தான் வந்தேன்."

கிளாக்கர் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "நாளைக்குக் காலப் பெரட்டுல பேரு கூப்பிடுறதுக்கு முன்னுக்கு ஆள் போயிருக்கணும். இல்லாட்டி ஒங்க சித்தப்பன் பேர வெட்டச் சொல்லிட்டாரு தொரை."

"அப்பா வந்து கூட்டிக்கிறேன்னு சொன்னாருங்க. இந்த எடம் மட்டுந்தான் அவருக்குத் தெரியும்."

"அதுக்கு நான் என்னா செய்ய..." என்று அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அப்பா என்னை அடிக்கக் கை ஓங்கினார். ரஞ்சிதம் நடுவில் வந்து விழுந்தாள். "விடுங்க சித்தப்பா! லய நம்பர் போடாம நம்மாளுக்குப் பேரு எழுதத் தெரியுமா? பழக்கத்துல எழுதிடுச்சு. நானும் எழுதியிருப்பேன்."

அன்று பொழுது சாய்ந்தபோது நானும் அவளும் மட்டும் அடுப்படியில் இருந்தோம். அவள் துணியை முடிந்துகொண்டிருந்தாள். நிமிராமல் கேட்டாள்.

"நான் எழுதிக் குடுத்த அட்ட எங்க சரசு?"

"மழையில நனைஞ்சு போச்சுக்கா."

மூன்று நாளாக ஒரு சொட்டு மழை கிடையாது. வெறும் பனி.

அவள் என்னைப் பார்த்தாள். நீங்கள் யாராவது அப்படிப் பார்க்கப்பட்டிருக்கிறீர்களா? கோபம் இல்லை. ஆச்சரியம்கூட இல்லை. ரொம்ப நாளாகத் தெரிந்த ஒருவரைப் பார்ப்பது போல இருந்தது.

"பனியிலயும் நனையும்" என்றாள். முடிச்சை இறுக்கினாள்.

அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்பா என்னைக் கொன்றிருப்பார். அதைவிட நன்றாக இருந்திருக்கும்.

அருளப்பன் சேர் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். அட்டைகளை முதலிலேயே வாங்கிப் பார்த்திருக்க வேண்டும், என் தப்பு என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுதார். அந்த வருஷமே மாற்றல் வாங்கிக்கொண்டு இறம்பொடைப் பக்கம் போய்விட்டார். போகும்போது என்னிடம், "நீ மனச விட்டுராத, ஒம் மேல ஒண்ணுமில்ல" என்றார். நான் தலையாட்டினேன்.

மாசி மாதம் கடைசியில் பெரியப்பா வந்தார். வவுனியாப் பக்கம் காடு வெட்டிக் குடிசை போட்டிருப்பதாகவும், மகளைக் கூட்டிப்போக வந்ததாகவும் சொன்னார். அவளுக்கென்று ஒரு சேலை வாங்கி வந்திருந்தார். இஸ்தோப்பில் நின்று, கதவுக்கு மேலே எழுதியிருந்த நம்பரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் வந்திருக்கேன், இல்ல?" என்று கேட்டார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அகதிகள் எல்லாம் அந்தப் பக்கம்தான் போகிறார்கள் என்று கேட்டு, உங்களைத் தேடித்தான் வவுனியாவுக்குப் புறப்பட்டுப் போனாள் என்று அப்பா சொன்னார். நாங்கள் கொடுத்த பால் இல்லாத சாயத்தண்ணியைப் பெரியப்பா குடித்து முடித்தார். சேலையை அம்மாவிடம் வைத்துவிட்டுப் போனார்.

சித்திரையில் ஒரு கடிதம் வந்தது. பிள்ளை இன்னும் வந்து சேரவில்லை என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு கடிதமும் இல்லை.

அந்தச் சேலை என் கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் வந்தது. அதை நான் ஒருமுறைகூட உடுத்தவில்லை என்று எழுதினால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். உடுத்தினேன். இரண்டு தீபாவளிக்கு.

இப்போது என் மகளுக்கு அன்றைய என் வயது. போன மாதம் அவளுடைய பள்ளிக்கூடத்தில் இப்படியே ஒரு இரவு வைத்தார்கள். அட்டையைக் கொண்டுவந்து, "அம்மா, நீங்க ஒரு பேரு சொல்லுங்களேன்" என்றாள். எனக்கு ஒரே ஒரு பேர்தான் வாயில் வந்தது. சொல்லவில்லை. அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக இல்லை. யாரிடம் கேட்பது? மன்னிக்க வேண்டியவள் எந்த இடத்தில் இருக்கிறாள் என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி அந்தத் திங்கட்கிழமை மட்டும் மிச்சம்.

அன்று விடிவதற்கு முன் ரஞ்சிதம் போனாள். பெரட்டைத் தவறவிட முடியாது என்பதால் அப்பா பாதை வளைவு வரைக்கும்தான் கூடப் போனார். ராகலையில் முதல் பஸ்ஸைப் பிடிக்க அவள் தனியாக இறங்கினாள். நான் பெரட்டுக்குப் போனேன். பகலில் வெயில் அடித்தது. இரவு பாயில் கம்பளி மடித்து வைத்திருந்தது. எடுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.